மூன்று சைஸ் கால்

ஜனவரி 21

இன்று மிஷினுக்குப் பூசை. நாச்சிமுத்து அண்ணன் பூசணிக்காய் சுற்றி உடைத்து, எங்கள் எல்லோர் நெற்றியிலும் விபூதி பூசினார். பிளாஸ்டிக் ஸ்டூல் செய்யலாம் என்று அவருடைய மச்சினர் ஏற்றிவிட்டதில் போன வருடம் வாங்கிய மிஷின் அது. உருக்கிய பிளாஸ்டிக்கை இரும்பு அச்சுக்குள் பீய்ச்சி, நிமிடத்துக்கு ஒன்றாக வெளியே தள்ளும். ஸ்டூல் விற்கவில்லை. மச்சினர் திருப்பூருக்குப் போய்விட்டார். மிஷின் மட்டும் எங்கள் ஷெட்டில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நாங்கள் செய்வதோ பலமில்லாத காலைத் தாங்கக் கட்டும் காலிப்பர், ஊன்றுகோல், சக்கர நாற்காலி. அதற்கும் ஸ்டூலுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போதே கேட்டேன். முறைத்தார்.

பூசை முடிந்ததும் நல்ல செய்தி சொன்னார். அரசாங்க முகாமில் இலவசமாகக் கொடுக்க நானூறு காலிப்பர் ஆர்டர். எங்கள் பட்டறை அளவுக்கு இது பெரிய விஷயம். நான்தான் முதலில் கை தட்டினேன்.

"தொடை உறை, கெண்டைக்கால் உறை எல்லாம் இனி இந்த மிஷின்லதான் அம்மிணி. அச்சு வெட்டக் கொடுத்தாச்சு. ஸ்மால், மீடியம், லார்ஜ். மூணே சைஸு."

"எனக்கு எந்த சைஸுங்கண்ணா?"

என் இடதுகாலைப் பார்த்தார். பிறகு உடைந்த பூசணிக்காயைப் பார்த்தார்.

"உனக்குன்னா மீடியம் வரும்" என்றார்.

மூன்று வயதில் போலியோ தின்றது போக மிச்சமிருக்கும் காலை நாற்பத்தைந்து வருடமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அது மீடியம் என்று இன்றுதான் தெரிந்தது.

ஜனவரி 23

எந்தச் சாமானைச் செய்ய வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். இது எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டியதா, ஆளுக்கு ஆள் வேறாக இருக்க வேண்டியதா? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எப்படிச் செய்வது என்பது பாதி முடிந்த மாதிரி.

காலிப்பரில் முழங்கால் லாக் எல்லோருக்கும் ஒன்றுதான். எழுந்து நிற்கும்போது ஓர் இரும்பு வளையம் மூட்டின்மேல் இறங்கி, கால் மடங்காமல் பிடித்துக்கொள்ளும். உட்கார வேண்டுமானால் வளையத்தைத் தூக்கிவிட வேண்டும். இதை ஃபோர்ஜிங்கில் செய்ய வேண்டும். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, அச்சில் வைத்து, அடி. பத்தாயிரம் அடித்தாலும் பத்தாயிரமும் ஒன்றுபோல, உறுதியாக வரும். கையால் செய்ததுதான் உசத்தி என்று யாராவது என்னிடம் பேசினால் பற்றிக்கொண்டு வருகிறது. லாக்கில் கைவண்ணம் காட்டினால் போட்டிருப்பவர் பல் போகும்.

உறை நேர்மாறு. எங்கள் பானு ஒவ்வொருவர் காலிலும் மாவுக்கட்டுப் போடுகிற ஈர மாவுத்துணி சுற்றி, இறுகியதும் கழற்றி, அதற்குள் மாவைக் கரைத்து ஊற்றி, அந்தக் காலைப் போலவே ஒரு வெள்ளைக் கால் வார்ப்பாள். அதன்மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தினால் உறை. ஆளுக்கு அரைநாள் வேலைக்கு மேல் பிடிக்கும், மறுக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளைக் காலிலும் எச்சில் பட்டால் ஊதாவாகி அழியாமல் நிற்கும் காப்பி பென்சிலால் ஆளின் பெயரை எழுதுவாள். பெயர் எழுதாத கால் அலமாரி ஏறாது. அது பானுவின் சட்டம்.

இப்போது அண்ணன் என்ன செய்கிறார் என்றால், உறைக்கு அச்சு வெட்டிவிட்டார். அதிலேயே கையிலிருந்த காசு தீர்ந்துபோனதால், லாக்கை மூலையில் இருக்கும் வெல்டிங் கடையில் கை அரத்தால் ராவி வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். அச்சில் வர வேண்டியது கையில், கையால் வர வேண்டியது அச்சில். தலைகீழ். கால் என்ன திருப்பூர் பனியனா, மூன்று சைஸில் அடுக்கி வைக்க?

ஜனவரி 31

சிலிண்டர் வந்தது. முழங்கையில் நல்ல அடி. குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும்.

பிப்ரவரி 8

ஞாயிறு. காலையில் பால் பாத்திரம் கைதவறியது. தரையில் இருந்தபடியே துடைத்தேன். இருந்ததுதான் இருந்தோம் என்று கட்டிலுக்கு அடியையும் பெருக்கினேன். ரொம்ப நாளாகப் பெருக்காத இடம். தொலைந்துபோன தோட்டுத் திருகாணி கிடைத்தது. ஒரு சீப்பு. நாலைந்து செத்த கரப்பான். பதினோரு மணிக்கு வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி, "என்ன வாணி, இன்னும் கோலம் போடலையா?" என்றார். வீடு கழுவுகிறேன் என்றேன்.

மத்தியானம் சாமான்களை மாற்றி அடுக்கினேன். அலமாரியைச் சமையலறைப் பக்கம் தள்ளி, மேசையை நடுவில் போட்டுவிட்டேன். இப்போது எங்கே நின்றாலும் பிடித்துக்கொள்ள ஏதாவது எட்டுகிறது. வீடும் பார்க்க லட்சணமாக இருக்கிறது.

பிப்ரவரி 13

அச்சு வந்து இறங்கியது. ஒவ்வொன்றின் முதுகிலும் எழுத்து வெட்டியிருக்கிறது: எஸ், எம், எல். முதல் உறைகள் வழவழவென்று, ஓரமெல்லாம் சீராக, பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. பொய் சொல்ல மாட்டேன். மிஷின் நல்ல மிஷின். அதற்குக் கொடுத்த வேலைதான் தப்பு.

பானு நான் போட்டிருக்கும் காலிப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்கீங்க."

"தோல் பெல்ட்டு. எட்டு வருசம் ஆச்சு. நீளாதா?"

"உங்களுக்கு ஒரு அளவு எடுத்துப் பார்க்கட்டுமா? சும்மா ஒரு தடவை."

"என் கால் எனக்குத் தெரியும். உன் வேலையைப் பாரு" என்றேன். கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன் போலிருக்கிறது. சாப்பிடும்போது எதிரில் உட்காராமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 19

வெல்டிங் கடையிலிருந்து லாக்குகள் வந்தன. அண்ணன் முன்னாலேயே ஒன்றின் வளையத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினேன். இறங்கவில்லை. மூன்றாவதில் மாட்டினேன். தொளதொளவென்று ஆடியது.

"ஒண்ணுக்கொண்ணு சேரலைங்கண்ணா. வளையம் தேஞ்சு போச்சுன்னா வேற வளையம் எங்கிருந்து கொடுப்போம்? பாதி இறங்கி நின்னுட்டா போட்டிருக்கறவங்க கதி?"

"எண்ணெய் விட்டா இறங்கீரும்."

"எண்ணெய் விட்டா வழுக்கும்."

"எல்லாத்துக்கும் ஒரு பேச்சு வெச்சிருக்கியே அம்மிணி. மார்ச்சுல அதிகாரி வர்றாரு. உற்பத்தி பொறுப்புன்னு நீதான் கையெழுத்துப் போடோணும். அதுக்குள்ள மனசைத் தேத்திக்கோ."

மனசைத் தேற்றிக்கொள்ள இங்கே யாரும் சாகவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன்.

பிப்ரவரி 22

தாழ்ப்பாளைச் சரிசெய்தாகிவிட்டது. நெற்றியில் புடைப்பு. அலமாரிக் கதவு.

பிப்ரவரி 27

சோதனைக்காக ஒரு வாரம் முன்பு மீடியம் ஒன்றைக் கொடுத்திருந்தோம். வாங்கிப்போனவர் ஆறுச்சாமி, சூலூர் பக்கம் ஒரு எடைமேடையில் சீட்டு எழுதுகிறவர். என் வயதுதான் இருக்கும், என்னைப் போலவே போலியோ. பானு அவருக்கு இரண்டு வருடம் முன்பு செய்த வெள்ளைக் கால் இன்னும் அலமாரியில் இருக்கிறது. இன்று வந்தார்.

"எப்படி இருக்குதுங்க?" என்றேன்.

"நல்லா இருக்குதுங்க. குறையே இல்லீங்க."

உட்காரச் சொல்லிக் கழற்றினோம். தொடை உறைக்குள் பழைய வேட்டித் துணி, மடித்து மடித்து, தலையணை மாதிரி. கீழே கணுக்கால் எலும்பு உரசிய இடத்தில் தோல் பிய்ந்து துணியோடு ஒட்டியிருந்தது. போலியோ காலில் பலம்தான் இருக்காது, வலி எல்லாம் குறைவில்லாமல் இருக்கும். எனக்குத் தெரியும். பானு தண்ணீர் தொட்டுத் தொட்டுத் துணியை எடுத்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தார்.

"இதைப் போய் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே?"

"சும்மா கொடுக்கறதைக் குத்தம் சொல்லலாமுங்களா? துணி வெச்சுக்கிட்டா சரியாத்தான் இருக்குது. கொஞ்சம் பழகோணும், அவ்வளவுதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர்மேல் அல்ல. கொடுக்கிறவன் எதைக் கொடுத்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொள் என்று எங்களுக்கு எல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது? இந்த மனிதர் ரத்தம் கசிய நடந்துவிட்டு, போகும்போது அண்ணனுக்கு வணக்கம் வேறு வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 4

ஆறுச்சாமியின் புண்ணைப் பற்றிச் சொன்னேன். அண்ணன் எம் அச்சை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு, "அச்சு வெட்டியாச்சு அம்மிணி. இனி என்ன பண்ணச் சொல்ற?" என்றார்.

"அச்சு வெட்டினது தப்பு. அதுக்காக நானூறு பேரு துணி வெச்சு நடக்கோணுமா?"

"நீ உன் காலை வெச்சுக்கிட்டுப் பேசற."

"வேற யாரு காலை வெச்சுப் பேசறதுங்கண்ணா? உங்க காலையா?"

அப்போதுதான் அதைச் சொன்னார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாததை.

"டிப்ளமாவைத் தூக்கிக்கிட்டு நீ கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கினப்ப, மிஷின் ஷாப்புல நடக்க முடியாதுன்னு கேட்டுலயே திருப்பி அனுப்பினாங்க. நான்தான் உள்ள கூப்பிட்டேன். மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அன்று அவர் என் நடையைப் பார்க்கவே இல்லை. நான் கொண்டுபோன வரைபடங்களைத்தான் பார்த்தார். அதனால்தான் இருபத்தி இரண்டு வருடமாக இந்த ஷெட்டை என் வீடு மாதிரி பார்த்துக்கொண்டேன். இன்று அந்த நன்றியைத் திருப்பிக் கேட்கிறார். கையெழுத்தாகக் கேட்கிறார்.

"போடலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாருங்க" என்றேன்.

ஸ்கூட்டர் வரைக்கும் வந்து சேர்வதற்குள் கண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில் வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 5

வேலைக்குப் போனேன். அவரும் வந்தார். இருவரும் பேசவில்லை. வீட்டில் அரைத்த இட்லி மாவு புளித்துவிட்டது.

மார்ச் 14

காலையில் பானுவின் மேசையில் மூன்று வெள்ளைக் கால்கள் நின்றன. மூன்றிலும் புது உறை. தைத்துப் போட்ட மாதிரி, ஒரு நூல் இடைவெளி இல்லாமல் கச்சிதமாக இருந்தது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. நான்தான் தப்பாகப் பேசிவிட்டேனோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

பெயரைத் தேடினேன். ஒன்றிலும் பெயர் இல்லை.

"யாரு காலு பானு?"

அவள் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"யாரு காலும் இல்லக்கா. அண்ணன் சொன்னாரு, அதிகாரி வர்றப்ப மேசையில நிறுத்தி வெக்கணும்னு. உறைக்குள்ளயே மாவை ஊத்தி எடுத்தேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் காலைப் பார்த்து உறை செய்கிறவர்கள். இப்போது உறையைப் பார்த்துக் கால் செய்திருக்கிறோம். சட்டைக்குள் வைக்கோலைத் திணித்துவிட்டு, பார், என்ன பொருத்தம் என்று சொல்வதுதான் இது. பொருந்தாமல் எங்கே போகும்?

பானு அழுதாள். "எனக்கும் குடும்பம் இருக்குக்கா" என்றாள். அவளை நான் திட்டவில்லை.

மார்ச் 17

நாளை அதிகாரி வருகிறார். நீலப் புடவையை இஸ்திரி போட்டேன். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல்.

மார்ச் 18

விழுந்தேன்.

வரிசையாகவே எழுதுகிறேன். அதிகாரி பதினோரு மணிக்கு வந்தார். கெடுபிடி இல்லாத மனிதர். இளநீர் கொடுத்தார்கள். மேசையில் மூன்று பெயரில்லாத கால்களும் உறை போட்டு, லாக் மாட்டி, பெல்ட் கட்டி ஜோராக நின்றன. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஃபிட்டிங் நல்லாருக்கே" என்றார்.

"எல்லாம் மிஷின்ல வர்றதுங்க சார்" என்றார் அண்ணன். குரல் கம்மியாக இருந்தது. காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். பேனாவையும் அவரே மூடி கழற்றிக் கொடுத்தார்.

நான் பேனாவை வாங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, என் காலிப்பரைக் கழற்றினேன். இத்தனை ஆண்களுக்கு முன்னால் நான் இப்படிச் செய்ததே இல்லை. அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"திரும்பாதீங்க சார். பார்க்கத்தானே வந்தீங்க" என்றேன். "பானு, அந்த மீடியத்தைக் கழட்டி எடுத்துட்டு வா."

"அம்மிணி, வேண்டாம்" என்றார் அண்ணன்.

"நீங்கதானே சொன்னீங்க, எனக்கு மீடியம் வரும்னு."

பானு கொண்டுவந்தாள். போட்டுவிட்டவளும் அவள்தான். கடைசி ஓட்டை வரைக்கும் பெல்ட்டை இழுத்த பிறகும் தொடைக்கும் உறைக்கும் நடுவில் என் உள்ளங்கை போகும் அளவுக்கு இடம் இருந்தது. ஆறுச்சாமியின் வேட்டித் துணி ஞாபகம் வந்தது. நான் துணி வைத்துக்கொள்ளவில்லை. எழுந்தேன். வளையம் இறங்கியது, ஆனால் முழுதாக இறங்கவில்லை, அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எந்தச் சுவரும் எட்டாத நடு ஷெட்டுக்குப் போனேன். திரும்பி அதிகாரியைப் பார்த்து நடந்தேன்.

உறை ஒரு பக்கம் போயிற்று, கால் ஒரு பக்கம் போயிற்று. வளையம் மேலே ஏறியது. முழங்கால் மடங்கி, பக்கவாட்டில், சிமென்ட் தரையில், எல்லோர் முன்னாலும் தொப்பென்று விழுந்தேன். தோளில் வலி பளீரென்றது.

நாலைந்து பேர் ஓடிவந்தார்கள்.

"யாரும் தூக்கக் கூடாது" என்றேன். "சார், இங்க வந்து பாருங்க. கால் எங்க இருக்குது, உறை எங்க இருக்குதுன்னு பாருங்க. மேசையில இருக்கிற கால் எல்லாம் இந்த உறைக்குள்ள ஊத்தி எடுத்தது. மனுசன் காலு இல்ல. அதுக்குப் பொருந்தும். எனக்குப் பொருந்தலை. நானூறு பேருக்கு இதைத்தான் கொடுக்கப் போறோம்."

அதிகாரி குனிந்தார். லாக்கைத் தொட்டார். பிறகு நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார்.

"இந்தம்மா சொல்றது நிஜமா?"

அண்ணன் மிஷினைப் பார்த்தார், அச்சுகளைப் பார்த்தார். இவள் ஏதோ வேண்டுமென்றே விழுந்தாள் சார் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதி உண்மைதான். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

அவர் வேட்டியை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நிஜம்தானுங்க" என்றார். "அளவெடுக்காமப் பண்ணிப்போட்டோம். எங்க தப்புங்க."

அதிகாரி ஏதோ எழுதினார். முதலில் நானூறு பேருக்கும் அளவெடுக்க வேண்டும் என்றார். கூடுதல் அவகாசம் தருவது தன் கையில் இல்லை, மேலே எழுதிக் கேட்கிறேன், ஆர்டர் நிற்குமா என்று தெரியாது என்றார். போனார்.

அண்ணன் அப்படியே உட்கார்ந்திருந்தார். "அடி பட்டிருச்சா அம்மிணி?" என்று கேட்டார்.

"பட்டிருச்சுங்கண்ணா" என்றேன்.

மார்ச் 23

ஆர்டர் பற்றி இன்னும் தகவல் இல்லை. காலையில் அண்ணன் ஃபோர்ஜிங் கம்பெனிக்குப் பேசினார். லாக் அச்சுக்குப் பணம் கொடுக்க ஏதோ நிலத்துப் பத்திரத்தை அடகு வைக்க எடுத்திருக்கிறார் என்று பானு சொன்னாள். என்னிடம் வந்து, "மிஷினுக்கு ஏதாச்சும் வேலை சொல்லு" என்று நின்றார். பெல்ட் கொக்கி, ஊன்றுகோலின் கைப்பிடி, முழங்கால் மூடி என்றேன். எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும் சாமான்கள். மிஷினுக்கு இரண்டு வருடம் மூச்சுவிட நேரம் இருக்காது. அவர் தலையை ஆட்டினார். எனக்கு வேலை கொடுத்ததைச் சொல்லிக்காட்டிய அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய நாள் வரும்.

மத்தியானம் பானு கேட்டாள். "அக்கா, அன்னிக்குக் காலிப்பரால விழுந்தீங்களா, காலால விழுந்தீங்களா?"

வாய் வரைக்கும் வந்த பதிலை விழுங்கினேன்.

"ரெண்டும்தான். தீபாவளிக்கு முன்னாலேருந்தே வீட்டுல விழறேன். கால் மெலிஞ்சுபோச்சு. நான் போட்டிருக்கறதும் எட்டு வருசம் முன்னால இருந்த ஒருத்தியோட அளவு. அதுவும் இப்ப எனக்கு மீடியம்தான்."

அவள் எழுந்தாள். வாளியில் தண்ணீர் பிடித்து வந்தாள். மாவுத்துணியை நனைத்துத் தொடையிலிருந்து சுற்ற ஆரம்பித்தாள். முதலில் குளிர்ந்தது, பிறகு இறுக இறுகச் சூடானது. அசையக் கூடாது என்று என்னை அதட்டினாள். அசையவில்லை.

சாயங்காலம் என் வெள்ளைக் கால் தயார். நான் நினைத்திருந்ததைவிட ஒல்லி. பானு காப்பி பென்சிலை நாக்கில் தொட்டு அதன்மேல் எழுதினாள்: கோகிலவாணி. ஆறுச்சாமிக்குப் பக்கத்தில் இடம் பண்ணி வைத்துவிட்டாள்.